மூன்று டிகிரி வடக்கே

ரெங்கராஜுக்குக் கோணல் என்றால் ஆகாது. படுக்கையை விரித்தால்கூடச் சுவரிலிருந்து நான்கு விரல் அளந்து விரிப்பான். எங்கள் அறையில் சமையல் பொறுப்பு கௌஸ் முகைதீனுக்கு. அவர் சப்பாத்தி தேய்க்கும்போது இவன் பக்கத்தில் போய் நின்று, "என்ன பாய் இது, ஆஸ்திரேலியா மேப்பா?" என்று கேட்பான். கௌஸ் பாய் பூரிக்கட்டையை ஓங்குவார். குவைத்தில், ஃபர்வானியாவில், 1974இலிருந்து நாங்கள் மூவரும் ஒரே அறை, ஒரே ஆபீஸ். நான் டைப்பிஸ்ட். கௌஸ் பாய் நாளெல்லாம் அமோனியா நெடியில் நின்று வரைபடங்களுக்குப் பிரிண்ட் எடுப்பவர். ரெங்கராஜ் டிராப்ட்ஸ்மேன்.

கட்டடங்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுக்கும் ஆபீஸ் அது. எண்ணெய் விலை ஏறி ஊரே புதிதாக முளைத்துக்கொண்டிருந்த காலம். சைட்டிலிருந்து வரும் அளவுகள் ஒருநாளும் ஒழுங்காக வராது. வெயிலில் டேப் பிடித்தவன் எண்பத்தெட்டை அறுபத்தெட்டு என்று எழுதியிருப்பான். சதுரமாக இருக்க வேண்டிய அறை நான்கு மூலையும் நான்கு பக்கம் இழுத்துக்கொண்டு வரும். ரெங்கராஜ் ஒரு வார்த்தை பேசமாட்டான். சத்தமில்லாமல் நேராக்கி வரைந்து கொடுத்துவிடுவான். யார் செய்த தப்பையும் யாரிடமும் போய்ச் சொல்லமாட்டான். ஆபீசில் அவனுக்கு இருந்த நல்ல பெயர் இதனால் வந்ததுதான். பெயர் என்று சொல்கிறேனே தவிர, படத்தில் அவன் பெயர் வராது. கீழே வலது மூலையில் ‘வரைந்தவர்’ என்ற சின்னக் கட்டத்தில் ஆர்.ஆர். என்று இரண்டெழுத்து வரும்.

சொந்த ஊர் முசிறிப் பக்கம். கல்யாணமான ஏழாவது மாதம் விமானம் ஏறியவன். மகள் பிறந்த செய்தி தந்தியில் வந்தது. தாமரை என்று பெயர் வைத்ததும் கடிதத்தில்தான் தெரிந்தது. எங்கள் கம்பெனியில் மூன்று வருஷம் முடிந்தால்தான் முதல் லீவு. அதுவரை பிள்ளையின் முகம் ஒரு போட்டோவில் மட்டும், அதுவும் அழுது கசங்கிய முகம்.

வெள்ளிக்கிழமை வந்தால் அறையே காலியாகிவிடும். கௌஸ் பாய் தொழுகைக்குப் போய் அப்படியே சொந்தக்காரர்களைப் பார்க்கப் போவார். நான் யாராவது சினிமாவுக்குக் கூப்பிட்டால் போவேன். ரெங்கராஜை யாரும் கூப்பிடுவதில்லை. அவன் உம்மென்று இருப்பான் என்று எல்லோருக்கும் எண்ணம். உம்மென்றெல்லாம் இல்லை, பேச ஆள் கிடைத்தால் பேசக்கூடியவன்தான். மூன்று வருஷமாக யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை, அவனும் பேசவில்லை. அந்த வெள்ளிக்கிழமைகளில் அவன் வீட்டுக்குப் பிளான் போட்டான்.

பழைய ஓட்டு வீட்டை எடுத்துவிட்டு அந்த இடத்திலேயே புது வீடு. ஆபீசின் டிரேசிங் பேப்பரில், ஆபீசின் இங்க் பேனாவால், அரண்மனைக்குப் போடுவதுபோல் போட்டான். மனைவி நாகவள்ளிதான் அங்கே மேஸ்திரியை வைத்துக் கட்ட வேண்டும். எனக்கு விரித்துக் காட்டினான்.

"வாசல்ல நின்னா கொல்லைக் கெணறு தெரியணும்ணே. நடுவுல ஒண்ணும் மறைக்கக் கூடாது. அவ அடுப்படியில நின்னுக்கிட்டு இருந்தா, நான் தெருவுல வர்றப்பவே அவளுக்குத் தெரியணும்."

"தெரிஞ்சு என்னய்யா பண்ணப் போறா?"

"தெரியணும், அவ்ளோதான்."

எங்கள் ஆபீசில் ஒரு வயதான ஜெர்மன் ஆர்க்கிடெக்ட் இருந்தார். அரபியில் கிழவரை ஷாயிப் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அப்படித்தான் சொன்னோம், பிறகு முகத்துக்கு நேரேயும் சொன்னோம், அவர் கோபிக்கவில்லை. 1975 கடைசியில் ஒருநாள் அவர் ரெங்கராஜின் மேஜைக்கு வந்து, நைந்துபோன ஆறு நோட்டுப் புத்தகங்களை வைத்தார். பென்சிலில் கிறுக்கிய அளவுகள். அவர் இருபத்திரண்டு வயதில், மாணவராக இருந்தபோது, தன் ஊருக்குப் பக்கத்திலிருந்த பெனடிக்ட் சபைக் கிறிஸ்தவத் துறவிகளின் மடத்துக் கோயிலை ஒரு கோடைக்காலம் முழுக்க அளந்து எழுதியது. டேப்பின் மறுமுனையைப் பிடித்த நண்பன் போரில் செத்துப்போனான். ஷாயிப்புக்கு இப்போது சர்க்கரை நோயால் கண் மங்கிக்கொண்டு வந்தது. முழுக்க இருட்டாகும் முன் இதையெல்லாம் ஒழுங்கான படங்களாக்க வேண்டும், வெள்ளிக்கிழமைகளில் வருவாயா என்று கேட்டார்.

ரெங்கராஜ் உடனே சரி என்றான். என்னையும் இழுத்துக்கொண்டான், கோயிலின் வரலாற்றை அவர் சொல்லச் சொல்ல டைப் அடிக்க ஆள் வேண்டுமாம். நான் ஏன் போனேன் என்றால், ஃபர்வானியா அறையில் ஏசி கிடையாது, ஆபீஸ் ஹாலில் உண்டு. புண்ணியம் தேடியெல்லாம் போகவில்லை.

இப்படியாக, முப்பது மேஜை போட்ட அந்த ஹாலில், வெள்ளிக்கிழமைக் காலையில் நாங்கள் மூன்றே பேர் உட்கார்ந்து, மூன்றில் இரண்டு பேர் பார்த்தேயிராத ஒரு கோயிலைக் கட்டிக்கொண்டிருந்தோம். தம்பியைக் கொன்ற ஒரு பிரபு பாவம் தீர எழுதிக் கொடுத்த நிலமாம் அது. எண்ணூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் முதலில் கிழக்கு மண்டபம் எழுந்தது. துறவிகள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று ஒரு நாளைக்கு ஏழெட்டு வேளை பாட்டாகவே வழிபடும் இடம். ஊர் ஜனம் நிற்பதற்கான நீண்ட மேற்கு மண்டபம் நூறு வருஷம் கழித்துத்தான் வந்தது. சுவர் முழுக்கச் சித்திரங்கள். கொள்ளைநோய் வந்த வருஷம் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். அதன்மேல் பின்னால் வந்தவர்கள் சுதை வேலை செய்து தங்க ரேக்கு ஒட்டினார்கள். பிறகு ஒரு அரசாங்கம் துறவிகளைத் துரத்திவிட்டு மண்டபத்தில் வைக்கோல் அடைத்தது. ஷாயிப்பின் அப்பா காலத்தில்தான் சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்து, உள்ளே நீலமும் செங்காவியுமாக ஆட்கள் நிற்பதைக் கண்டுபிடித்தார்களாம். கடைசியில் 1945இல் குண்டு விழுந்து கிழக்கு மண்டபம் தரைமட்டமானது. மேற்கு மண்டபத்தின் திறந்துபோன கிழக்கு முனையில் ஒரு தடுப்புச் சுவரை எழுப்பிவிட்டு முப்பது வருஷமாக அப்படியே இருக்கிறார்கள்.

ரெங்கராஜுக்கு அந்த வேலை பிடித்துப்போனது. தூண்களின் தலையில் செதுக்கியிருந்த சிங்கங்களை வரையும்போது சிரித்தே விட்டான்.

"அண்ணே, இவன் சிங்கத்தப் பாத்ததே இல்ல. எங்க தெரு நாய்க்குப் பிடரி வச்சிருக்கான்."

"நீ மட்டும் அந்தக் கோயிலைப் பாத்தியா?" என்றேன்.

"அதான் அவனப் புடிச்சிருக்கு" என்றான்.

சித்திரத்தில் வரிசையாக நின்ற பன்னிரண்டு சீடர்களில் ஒருவருக்கு முகம் இல்லை. பின்னாளில் யாரோ அந்த இடத்தில் உத்தரம் சொருகிச் சிதைத்துவிட்டார்கள். முகத்தைப் போட்டுவிடேன், யாருக்குத் தெரியப்போகிறது என்று நான் சொன்னேன். மாட்டேன் என்றான். நோட்டில் இல்லாததைப் போட அவனுக்கு உரிமை இல்லையாம். அவ்வளவு யோக்கியன் தரைப்படத்தில் என்ன செய்தான் என்பதுதான் கதை.

நோட்டில் இருந்த எண்களின்படி போட்டால் கிழக்கு மண்டபம் மேற்கு மண்டபத்துக்கு நேராக வரவில்லை. இரண்டும் சேரும் இடத்தில் மூன்று டிகிரி வடக்கே திரும்பிக்கொண்டது. கடைக்கோடியில் பலிபீடம் ஒரு கஜத்துக்கும் மேல் விலகி நின்றது. ரெங்கராஜ் ஸ்கேலை வைத்து வைத்துப் பார்த்தான். பிறகு என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னான்.

"கெழவரு சின்ன வயசுல டேப்ப ஒழுங்காப் புடிக்கலண்ணே. சாமி சன்னதி எங்கயாச்சும் கோணலா இருக்குமா? கொடிமரத்துக்கிட்ட நின்னா மூலவர் தெரிய வேணாமா?"

நானும் சிரித்தேன். கண் மங்கிக்கொண்டிருக்கும் மனிதரிடம் போய் நீங்கள் தப்பாக அளந்துவிட்டீர்கள் என்று சொல்வது மரியாதையாக எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. வழக்கம்போல் ரெங்கராஜ் சத்தமில்லாமல் நேராக்கிவிட்டான். மேற்கு மண்டபத் தரையில், நடுவிலிருந்து இரண்டடி வலப்பக்கம், பென்சிலில் ஒரு சின்ன வட்டம் இருந்தது. காம்பஸ் முனை பட்ட கறை என்று நினைத்து அதையும் விட்டுவிட்டான். தரைப்படம் நேரானதும் குறுக்குவெட்டு, கூரை, வளைவுகள், சித்திரச் சுவர்கள் எல்லாம் அதைப் பார்த்தே நேராகின. ஒன்றரை வருஷத்தில் மொத்தம் நாற்பத்தோரு ஷீட்.

1977 ஏப்ரலில் மடத்திலிருந்து ஷாயிப்புக்குக் கடிதம் வந்தது. கிழக்கு மண்டபத்தைப் பழையபடியே திரும்பக் கட்டப் போகிறார்கள். குண்டு விழும் முன் எடுத்த முழு அளவு உலகத்திலேயே அவரிடம் மட்டும்தான் இருக்கிறது. ஜூன் கடைசியில் படங்களோடு அவர் வர வேண்டும். கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன், அதற்குள் அவருக்கு எழுத்து தெரியாமல் போயிருந்தது. கேட்டுவிட்டு எழுந்தார், மேஜை மேஜையாகத் தடவிக்கொண்டு ரெங்கராஜிடம் போனார்.

"மிஸ்டர் ராஜ், தரைப்படத்தை எடு. மேற்கு வாசலின் நடுவில் ஸ்கேலை வை. மறுமுனையைப் பலிபீடத்தின் நடுவில் வை. கோடு இடப்பக்கத் தூணில் முட்டுகிறதா?"

ரெங்கராஜ் வைத்தான். என் இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. எதிலும் முட்டாமல், தூண்களுக்கு நட்டநடுவே கோடு ஓடியது.

"முட்டுது சார்" என்றான்.

கிழவரின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். மேற்கு மண்டபம் கட்டும்போது கிழக்கு மண்டபத்தில் வழிபாடு ஒரு வேளைகூட நிற்கக் கூடாது என்று துறவிகள் சொல்லிவிட்டார்கள். அதனால் நடுவில் சுவரை வைத்துக்கொண்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு, இந்தப் பக்கம் கொத்து வேலை. ஒரு பக்கத்தில் நின்று மறுபக்கத்தைக் கண்ணால் பிடிக்க வழியில்லை. நாற்பது வருஷம் கழித்துச் சுவரை உடைத்தபோதுதான் இரண்டும் நேராகச் சேரவில்லை என்று தெரிந்தது. யாரும் எதையும் இடிக்கவில்லை. வாசலில் நுழைகிறவனுக்குப் பலிபீடத்தைத் தூண் மறைக்கும். எங்கே நின்றால் தெரியும் என்று ஊருக்கே தெரியும். எழுநூறு வருஷமாக ஜனங்கள் அந்த ஒரே இடத்தில் வந்து நின்று நின்று, அங்கே தரைக்கல் குழிந்துபோயிருக்கிறது.

"என் அம்மா அங்கேதான் நிற்பாள். அந்தக் கல்லை வட்டம் போட்டுக் குறித்திருந்தேன். வரைந்திருக்கிறாய் அல்லவா?"

"வரஞ்சிருக்கேன் சார்" என்றான் ரெங்கராஜ்.

அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. கௌஸ் பாய் தட்டில் போட்டு வைத்த சோறு காய்ந்தது. எனக்கோ எரிச்சலாக வந்தது. மே பத்தாம் தேதி அவனுக்கு லீவு. டிக்கெட் வந்துவிட்டது. பிள்ளைக்கு நடக்கும் பொம்மை, நாகவள்ளிக்கு நைலக்ஸ் சேலை, எல்லாம் பெட்டியில் இருந்தது. லீவு விண்ணப்பத்தை நானே டைப் அடித்துக் கொடுத்திருந்தேன்.

"பழைய அஸ்திவாரம் மண்ணுக்குள்ள இருக்கும்ல. அதைப் பாத்துக் கட்டிக்குவான். நீ பேசாம ஊருக்குப் போ" என்றேன்.

"பேப்பர் நேரா இருந்தா எந்த மேஸ்திரிண்ணே அஸ்திவாரத்த நம்புவான்? நம்ம சைட்ல என்ன பண்றோம்? நான் போட்ட கோட்டப் பாத்துக் கல்லு வச்சிருவாங்க. அந்தம்மா நின்ன எடம் அப்புறம் எதுக்கு?"

"எந்தம்மா?"

"அவரோட அம்மா."

"யோவ், உன் பொண்டாட்டி நிக்கிற எடத்தப் பத்தி யோசி முதல்ல."

அவன் அடுத்த வெள்ளிக்கிழமை ஷாயிப்பிடம் போய் நின்று, ஸ்கேல் எதிலும் முட்டவில்லை, கல்லையும் வரையவில்லை, நான் சொன்னது பொய் என்று உடைந்த இங்கிலீஷில் சொல்லிவிட்டான்.  கிழவர் கத்தினார். இத்தனை மாதம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேனே, ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா என்றார்.

"கேட்டா தப்பு உங்களுதுன்னு ஆயிடுமே சார்."

கிழவருக்கு விளங்கவில்லை. என் பக்கம் திரும்பினார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தப்பை மறைத்துக் காப்பாற்றுவதும் மரியாதைதான் என்பதை அவருக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே அது அசட்டுத்தனமாகப் பட்டது. கடைசியில் அவர் கையை ஆட்டி, "போ, மிஸ்டர் ராஜ். உன் பிள்ளைக்கு மூன்று வயது. வீட்டுக்குப் போ. நான் துறவிகளிடம் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன்" என்றார்.

பத்தொன்பது ஷீட் திரும்பப் போட வேண்டியிருந்தது. தப்பான கோட்டைப் பிளேடால் சுரண்டிவிட்டு மேலே வரையலாம், ஆனால் கட்டடமே திரும்பும்போது எதைச் சுரண்டுவது? மே பத்தாம் தேதி விமானம் ஏறினால் ஜூனுக்குள் ஆகாது. ஏறாவிட்டால் அடுத்த லீவு ஜனவரியில்தான், கலாஸ், பேச்சு முடிந்தது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். லீவு வேண்டாம் என்று ஒரு கடிதம் டைப் அடித்துத் தரச் சொல்லி ரெங்கராஜ் என்னிடம் வந்தான். மாட்டேன் என்றேன். எவனோ கட்டின கோயில், எந்த நாட்டிலோ இருக்கிற தூண், அதற்காக மூன்று வயதுப் பிள்ளையைக் காக்க வைக்கிற நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று கேட்டுவிட்டேன். இப்போது நினைத்தாலும் அந்தப் பேச்சு எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவன் கையாலேயே எழுதிக் கொடுத்தான், வரி ஒவ்வொன்றும் நூல் பிடித்த மாதிரி இருந்தது.

நாகவள்ளியின் பதில் பத்து நாளில் வந்தது. வாய்விட்டுப் படித்தான். "சரி. வேலையை முடித்துவிட்டே வாருங்கள். தாமரை நன்றாக இருக்கிறாள். வீடு நீங்கள் பிளான் போட்ட மாதிரியே வந்திருக்கிறது." மூன்றே வரி. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கடிதத்தை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

அந்த ஏழு வாரமும் அவன் யாரோடும் பேசவில்லை. மதியம் மற்றவர்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்துத் திரும்பும் இடைவேளையிலும் ஆபீசிலேயே இருந்தான். நானும் கோபத்தில் வெள்ளிக்கிழமை போவதை நிறுத்திவிட்டேன். வெளியே மணல்காற்று அடித்துக்கொண்டிருக்க, அந்தப் பெரிய ஹாலில் ஒருத்தன் மட்டும் குனிந்து உட்கார்ந்து கோணலை அளந்து போட்டுக்கொண்டிருந்தான். கௌஸ் பாய்தான் சோறு கொண்டுபோய்க் கொடுத்தார். "போய் எட்டிப் பாருங்க பாஸ்கர், பாவமா இருக்கு" என்று அவர் சொன்ன பிறகு கடைசி வெள்ளிக்கிழமை போனேன்.

ஷாயிப் அப்போது முழுக்கப் பார்வை இல்லாமல்தான் உட்கார்ந்திருந்தார். ரெங்கராஜ் தரைப்படத்தை விரித்து, கிழவரின் ஆள்காட்டி விரலைப் பிடித்து மேற்கு வாசலில் வைத்தான். கோட்டின் மேலேயே மெதுவாக இழுத்துக்கொண்டு போனான்.

"இங்க முட்டுது சார். இது தூண்."

பிறகு விரலை எடுத்து வலப்பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்தான்.

"இது அந்தக் கல்லு."

கிழவர் விரலை அங்கிருந்து எடுக்கவில்லை. கண்ணில் நீர் வந்தது, துடைக்கவும் இல்லை. கொஞ்சம் கழித்து, ‘வரைந்தவர்’ கட்டத்தில் முழுப் பெயரை எழுது, ஊரையும் எழுது என்றார். ரெங்கராஜ் எழுதினான். எஸ். ரெங்கராஜ், முசிறி. அவன் பெயர் முழுதாக ஒரு படத்தில் ஏறியது அன்றைக்குத்தான். அடுத்த வாரம் ஷாயிப் கிளம்பிப் போனார். அவரிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. மண்டபத்தைக் கட்டினார்களா, கோணலாகக் கட்டினார்களா, கிழவர் இருக்கிறாரா, எதுவும் எங்களுக்குத் தெரியாது. நான் இரண்டு முறை எழுதிப் பார்த்தேன், பதில் இல்லை.

1978 ஜனவரியில் ரெங்கராஜ் ஊருக்குப் போனான். மார்ச்சில் திரும்பி வந்தான். பெட்டியில் முறுக்கு, ஊறுகாய், கருவாடு எல்லாவற்றுக்கும் மேலே ஒரு காகிதச் சுருள். பென்சிலில் போட்ட ஒரு வீட்டின் தரைப்படம். நான் விரித்துப் பார்த்தேன். முன்கட்டு ஒரு பக்கம் பார்த்தது, பின்கட்டு இன்னொரு பக்கம் பார்த்தது.

"என்னய்யா இது, கோணலா இருக்கு?"

"எங்க வீடுண்ணே."

அவன் சொன்னது இது. பழைய வீட்டை இடித்துவிட்டுக் கட்டுங்கள் என்று இங்கிருந்து எழுதிவிட்டான். இடித்தால் கைப்பிள்ளையோடு நாகவள்ளி எங்கே போய் இருப்பாள் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அவள் பழைய அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அதன் மண்சுவரை அப்படியே வைத்துக்கொண்டு முன்னால் ஒரு பகுதி, பின்னால் ஒரு பகுதி என்று மேஸ்திரி கட்டினார். கடைசியில் மண்சுவரை உடைத்துவிட்டு, அதே இடத்தில் புது அடுப்படியை வைத்தபோது முன்னதும் பின்னதும் சேரவில்லை. வீட்டுக்காரர் வந்து பார்த்தால் எல்லாவற்றையும் இடிக்கச் சொல்வார் என்று மேஸ்திரி பயமுறுத்தியிருக்கிறார். அவள் ஒரு வருஷமாக அதை மறைத்து, பிளான் போட்ட மாதிரியே வந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

"வாசல்ல போயி நின்னேண்ணே. கெணறும் தெரியல, அடுப்படியும் தெரியல. எதிர்ல சுவருதான் நின்னுச்சு. அவ உள்ளதான் இருக்கா, நான் வந்தது அவளுக்குத் தெரியல. செருப்புச் சத்தம் கேட்டுத்தான் வந்தா. வந்ததும் என்னையப் பாக்கல, சுவத்தப் பாத்தா. ‘இடிக்கணுமாங்க?’ன்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"இத்தன நாள்ல ஒருவேளையாச்சும் அடுப்பு அணைஞ்சு பிள்ள பட்டினி கெடந்துச்சான்னு கேட்டேன். ‘இல்ல’ன்னா. அப்ப இருக்கட்டும்னு சொல்லிட்டேன்."

 கௌஸ் பாய் அடுப்பு வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். படத்தில் ‘வரைந்தவர்’ கட்டத்தில் ரெங்கராஜ் என்று இருந்தது. பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, ‘கட்டியவர்: நாகவள்ளி’ என்று எழுதியிருந்தான். வாசலுக்கு உள்ளே, வலப்பக்கம் இரண்டடி தள்ளி, ஒரு சின்ன வட்டம்.

"அங்க நின்னா அடுப்படி தெரியும்ணே. வெளிய போயிட்டு வர்றப்பல்லாம் அந்த எடத்துல நின்னு அவளப் பாத்துட்டுத்தான் உள்ள போவேன். தாமரகூட எங்கிட்ட மொதல்ல வரல, அங்க வந்து எங்கூட நின்னா, அப்புறந்தான் கையப் புடிச்சா."

அவன் படத்தை வாங்கிச் சுருட்டினான். மறுநாள் காலை ஏழு மணிக்கு டூட்டி. அடுத்த லீவு 1981இல்.

"கல்லு குழிஞ்சிருச்சா?" என்று நான்தான் கேலியாகக் கேட்டேன், அந்த நேரத்தில் வேறு என்ன பேசுவது என்று தெரியாமல்.

"ரெண்டு மாசத்துல சிமெண்டு எங்கண்ணே தேயும்" என்றான்.